அப்பாவின் கல்லுக்கு ஒரு வார்த்தை

லோலாண்ட் தீவு
மார்ச் 8, சனிக்கிழமை பிற்பகல்

அன்புத் தம்பி எஸ்பெனுக்கு,

கல்லறைக் கல்லில் வெட்டியிருக்கும் நன்றியை யார் யாருக்குச் சொல்கிறார்கள்? போன மாதம் நீ அனுப்பிய நான்கு வரிக் கடிதத்தில் இதைத்தான் கேட்டிருந்தாய். "நீதான் வார்த்தைக்காரி ஆச்சே, சொல்லு பாப்போம். உள்ள படுத்திருக்கிறவர் நமக்குச் சொல்றாரா, வெளிய நிக்கிற நாம அவருக்குச் சொல்றோமா?" என்று. நான் இருபத்திரண்டு வருடமாக அகராதி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அதையும் செய்யாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது.

தபாலில் போட்டால் இது பெர்த் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் கணினியிலேயே அனுப்புகிறேன். ஆனால் கடிதமாகத்தான் எழுதுகிறேன். நீயும் கடிதமாகவே படி. நாளை ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பதினொரு மணிக்கு, அதாவது உனக்கு மாலை ஆறு மணிக்கு, அம்மா உனக்குப் போன் செய்யப்போகிறாள். அதற்கு முன்னால் நீ இதை முழுவதும் படித்திருக்க வேண்டும். நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதை முதல் பத்தியிலேயே எழுதத் தைரியம் வரவில்லை.

அம்மாவைப் பற்றி முதலில். முதியோர் இல்லத்தில் ஜன்னல் ஓரத்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பகலிலும் இரவிலும் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருக்கிறது. "இதை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா தோட்டத்துக்குத் தண்ணி விடுற மெஷின் மாதிரி இருக்கேன்டி" என்கிறாள். புத்தி தெளிவாகவே இருக்கிறது, சில சமயம் தேவைக்கு மேல். ஆனால் ஒரு வாக்கியத்தை முடிக்க நடுவில் இரண்டு முறை நிறுத்த வேண்டியிருக்கிறது. டாக்டர் என்னை நடைபாதையில் நிறுத்தி, வசந்த காலத்தை அவள் பார்ப்பாள் என்று நம்புவதாகச் சொன்னார். கோடையைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அலுவலகத்தில் இரண்டு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டு நம் வீட்டில் தங்கியிருக்கிறேன். உன் அறையில் சூடேற்றும் குழாய் கசிகிறது, வாளி வைத்திருக்கிறேன்.

இனி கல். நவம்பரில் அப்பாவைப் புதைத்த மண் இப்போது நன்றாக அமர்ந்துவிட்டதால், இந்த மாதம் கல்லை நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாம்பல் நிறக் கருங்கல், இருவருக்கும் சேர்த்து ஒன்றே. மேலே அப்பா, வெர்னர், பிறந்த, இறந்த வருடங்களோடு. கீழே அம்மா, ஏதெல், பிறந்த வருடமும் ஒரு கோடும். கோட்டுக்கு அடுத்த இடத்தை விட்டுவைப்பார்கள். தன் பெயர் கல்லில் எப்படி வரப்போகிறது என்று அம்மா காகிதத்தில் பார்த்துவிட்டு, "எழுத்து சின்னதா இருக்கே, கிட்ட வந்துதான் படிக்கணும் போல" என்றாள். அவ்வளவுதான். பெயர்களுக்குக் கீழே எல்லாரும் போடுகிற அதே இரண்டு சொற்கள் வேண்டும் என்று கேட்டாள்: எல்லாவற்றுக்கும் நன்றி.

அதைத்தான் உனக்கு எழுதிக் கேட்டேன். அந்த நான்கு வரியில்தான் நீ பதில் எழுதினாய். அந்த வார்த்தையைப் போட்டால் அந்தக் கல்லின் முன்னால் ஒருநாளும் வந்து நிற்கமாட்டேன், அம்மா அங்கே இருந்தாலும் என்று. அதை நான் அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். மற்றவர் எழுதியதை மாற்றி வாசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இந்த இடத்தில் அது பெருமைக்குரிய பழக்கமாக இருக்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பிறகு, "அப்போ வார்த்தையா, பிள்ளையா, ஏதோ ஒண்ணுதானா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

அவளுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று நானும் கேட்டுப்பார்த்தேன். "அந்த வரிசையில எல்லாக் கல்லுலயும் இருக்கு. இருந்தா எவனும் படிக்க மாட்டான். நம்மதுல மட்டும் இல்லேன்னா, ஏன் இல்லேன்னு நின்னு யோசிப்பான்" என்றாள். எல்லாக் கல்லிலும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் போய் எண்ணினேன். அந்த வரிசையிலும் அடுத்த வரிசையிலுமாக நாற்பத்தொரு கல். இருபத்தாறில் அந்த நன்றி இருக்கிறது. திரும்பி வந்து சொன்னதும் அவள் சிரித்துச் சிரித்து, இருமல் வந்து, சன்னே ஓடிவர வேண்டியதாயிற்று. சன்னே அங்கே பார்த்துக்கொள்கிற பெண். வாய் கொஞ்சம் நீளம், கை மென்மை. "பாருடி சன்னே, கல்லறையில போய்க் கணக்கெடுத்த ஒரே பொம்பளை என் பொண்ணுதான்" என்றாள் அம்மா. "அதனாலதான் இவங்களுக்கு இன்னும் மாப்பிள்ளை அமையலையா?" என்றாள் சன்னே. எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றுதான் அம்மா கடைசியாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

கல்தச்சர் பிரேபெனை உனக்கு நினைவிருக்கும். நாக்ஸ்கோவ் சாலையில் பட்டறை, பெரிய காது. "என் காலத்துல இந்த வார்த்தை வேணாம்னு சொன்னவங்க ரெண்டே பேரும்மா. ஒருத்தர் கம்யூனிஸ்ட். இன்னொருத்தி என் மாமியா, எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைக்கக் கூடாதுன்னு" என்றார். திங்கட்கிழமை காலை வெட்டத் தொடங்குகிறார். ஞாயிறு மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

உன் கேள்விக்கு வருகிறேன். பதில் தெரியாவிட்டாலும், கையில் இருப்பதை எழுதுகிறேன். நம் மொழியில் நன்றிக்குச் சொல்லும் 'தக்' என்ற சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு முழு இழுப்பறை இருக்கிறது. மிகப் பழைய சொல். நினைப்பது என்பதற்கான சொல்லும் அதுவும் ஒரே வேரில் வந்தவை. ஆதியில் அதன் பொருள் நல்லெண்ணம், ஒருவரை மனதில் வைத்திருப்பது. செய்த உதவிக்குக் கைம்மாறாகச் சொல்வது என்பது பிற்பாடு வந்தது. இன்று நம்மால் அது இல்லாமல் ஒரு நாளைக் கடக்க முடியாது. கடையில் ஒரு காபி கேட்டால் அதன் வாலில் அது தொங்க வேண்டும். தயவுசெய்து என்பதற்கு நம்மிடம் தனிச்சொல் கிடையாது. வேண்டாம் என்பதைக் கூட அது சேர்க்காமல் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது இன்றைய நாளுக்கு நன்றி. ஒருவரை மறுபடி பார்த்தால், போனமுறை பார்த்ததற்கு நன்றி. ஏணியைத் திருப்பிக் கொடுக்கும்போது இரவலுக்கு நன்றி. பெரிய அதிர்ச்சி வந்தால் காபிக்கு நன்றி என்று கத்துகிறோம். அது ஏன் என்று விளக்கும் மூன்று கோட்பாடுகள் இருக்கின்றன, மூன்றையும் நான் நம்பவில்லை.

வேரைக் காட்டி ஒரு சொல்லின் பொருளை நிரூபிக்கிறவர்களையும் நான் நம்புவதில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள், மனிதர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அப்பா அதை வைத்து என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த மேசையில் இருந்தேன்.

உனக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. ஞாயிறு மதியம், வெங்காயத்தோடு வறுத்த ஈரல். நீ ஒரு வாய்கூடத் தின்னவில்லை. சாப்பாட்டுக்கு நன்றி என்று சொல்லாமல் யாரும் மேசையை விட்டு எழக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நம் வீட்டில் அந்த நன்றி சமைத்த அம்மாவுக்குப் போகாது; அப்பாவுக்குப் போகும். அவர்தான் தலையசைத்து, நன்றாகச் செரிக்கட்டும் என்பார். தின்னாததுக்கு எப்படி நன்றி சொல்வது என்று நீ கேட்டாய். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது. விளக்கு ஏற்றும் வரை அந்த நாற்காலியில் இருந்தாய். பிறகு சொன்னாய். அவர் காதில் கைவைத்து, "என்னது? கேக்கலையே" என்றார். மறுபடி சொன்னாய். "வெளிய பசுமாட்டுக்குக் கேக்கலையாம்" என்றார். மூன்றாவது முறை நீ சொன்ன குரலை நான் இன்னும் மறக்கவில்லை. நான் பாடப்புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முதுகைக் காட்டி நின்று, கழுவி முடித்த தட்டுகளை மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

உன் மனைவி மெரிடித் ஒருமுறை என்னிடம் வேடிக்கையாகச் சொன்னாள், நீ பஸ் ஓட்டுநருக்குக்கூட நன்றி சொல்லமாட்டாயாம், அதற்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பாயாம். நான் சிரித்துவைத்தேன். காரணத்தை நீ அவளிடம் சொல்லியிருக்கவில்லை என்று புரிந்தது.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் நான் நேர்மையாக இருக்கமாட்டேன். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அவர் பீட்ரூட் ஏற்றும் லாரியில் என்னைக் கோபன்ஹேகன் கொண்டுபோய்விட்டார். வழியில் ஒரு பேச்சு இல்லை. என் புத்தகப் பெட்டிகளை நான்கு மாடி ஏற்றினார், ஒவ்வொன்றாக, ஏழு முறை. மேலே நின்று மூச்சு வாங்கினார். நான் நன்றி சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு, "அது என்ன பெரிய விஷயம்" என்று இறங்கிப்போனார். உனக்கு அந்த நாற்காலி. எனக்கு அந்தப் படிக்கட்டு. இரண்டிலும் இருந்தது ஒரே மனிதர்தான். இதை என்னால் ஒன்றாகச் சேர்க்க முடியவில்லை. அதனால் கல்லில் என்ன போடுவது என்பதில் எனக்கென்று ஒரு கட்சி கிடையாது.

நவம்பரில் அப்பாவின் அடக்கத்தன்று நடந்ததை உனக்கு நான் சொல்லவே இல்லை. நீ வந்துவிடுவாய் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். அடக்கத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னால்தான் நீ வரப்போவதில்லை என்று தெரிந்தது. நான் சவப்பெட்டி, பூ, பாட்டுத்தாள் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். ஒன்றை மட்டும் யாரும் நினைக்கவில்லை. பெட்டி இறங்கி, போதகர் மண்ணைப் போட்டு, கடைசிப் பாட்டும் முடிந்தது. எல்லாரும் நின்றார்கள். குடும்பத்தில் ஒருவர் முன்னால் வந்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, காபிக்குக் கூப்பிட்டால்தான் கூட்டம் நகரும். அதற்கு முன் நகர்வது மரியாதை இல்லை. அதை நீதான் செய்வாய் என்று அம்மா முடிவுசெய்து வைத்திருந்தாள். நீ இல்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அறுபது பேர் இருப்பார்கள். மழை பெய்தது. போதகர் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதன் முழு வரலாறும் எனக்கு மனப்பாடம். வாய் திறக்கவில்லை. அவருக்காக வந்ததற்கு நன்றி என்று நான் சொன்னால், கடல்களுக்கு அப்பால் இருக்கும் உனக்கு அது கேட்டுவிடும் என்பதுபோல ஒரு முட்டாள்தனமான எண்ணம். பக்கத்து வயல்காரர் பவுல், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "இப்ப யாராச்சும் வாயத் தொறக்கலேன்னா நானும் இங்கயே படுத்துக்கறேன், குழிதான் ரெடியா இருக்கே" என்றார். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அப்புறமும் ஒருவரும் நகரவில்லை.

கடைசியில் அம்மா நடைவண்டியைச் சேற்றில் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். விதவை தானே அதைச் சொல்வதை நான் எங்கும் பார்த்ததில்லை. "தக்" என்றாள். அதற்குமேல் மூச்சு வரவில்லை. காபி என்று சொல்லவே இல்லை. காபி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. பாதிப் பேர் காரில் ஏறிப் போய்விட்டார்கள். ஊர் மண்டபத்தில் எட்டு மேசை விரித்து, பன்னிரண்டு கேக் வெட்டி வைத்திருந்தது. சமையல்கார அம்மாள் கதவருகே நின்று, "சண்டையா?" என்று என்னிடம் கேட்டாள். இந்தத் தீவில் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அம்மாவுக்குத் தெரியும். கல்லில் அந்த வார்த்தை வேண்டும் என்று அவள் கேட்பது அன்றைக்கு நின்றுபோனதை முடித்துவைக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டேன். "அதெல்லாம் இல்லடி. நாப்பத்தொன்பது வருஷம் அந்த ஆளோட இருந்தேன். ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னு கல்லு சொல்லக் கூடாது" என்றாள்.

சொல்லின் வேரைப் பற்றி அவளிடமும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உடனே பிடித்துக்கொண்டாள். "நினைக்கிறதுன்னுதானே அர்த்தம்? அப்போ எஸ்பெனுக்கு எழுது, அது நன்றி இல்ல, நினைப்புதான்னு. அந்த மனுஷனை நினைக்காம இருக்கத்தான் அவனாலயும் முடியலையே" என்றாள். நான் மறுத்தேன். வேர் பொருள் ஆகாது, அப்படி எழுதுவது ஏமாற்று என்று விளக்கினேன். "பெரிய நீதிபதி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த நீதிபதி மூன்று நாள் கழித்துச் செய்தது இதுதான். வியாழக்கிழமை காலை போனபோது அம்மாவின் உதடு நீலமாக இருந்தது. இரவு மோசமாகப் போனதாகச் சன்னே சொன்னாள். கண்ணைத் திறக்காமலே, "எஸ்பென் எழுதினானா?" என்று கேட்டாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எழுதினான் என்றேன். "என்னன்னு?" போட்டுக்கொள்ளுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறான் என்றேன். ஆதாரம் இல்லாத ஒரு மேற்கோளை இத்தனை வருடத்தில் நான் அகராதிக்குள் விட்டதில்லை. அன்று ஒன்றை நானே உண்டாக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் அம்மா கையைப் பிடிக்கிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

நாளை உனக்கு நன்றி சொல்வதற்காகத்தான் போன் செய்கிறாள். என்னைச் செய்யவிடவில்லை, தானே செய்ய வேண்டுமாம். எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி வைத்திருக்கிறாள். முகம் தெரியாத போன் என்று சொல்லியும், காலையில் தலை வாரிவிடச் சொல்லிச் சன்னேயிடம் கேட்டிருக்கிறாள்.

எஸ்பென், உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீ எழுதாததை உன் பெயரில் சொன்னேன். மேசையில் அன்று வாய் திறக்காதவள், இப்போது உன் வாயைக் கடன் வாங்கியிருக்கிறேன். நீ ஆமாம் என்று சொல்ல வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். அவள் சொல்லும்போது மறுக்காமல் இருந்தால் போதும். சும்மா இரு. லைன் சரியில்லை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும். கல்லைப் பற்றி என்ன செய்வது என்று பிறகு நாம் இருவரும் பேசலாம். உன் கோபம் முழுவதையும் எனக்கு எழுது. நான் எல்லாவற்றையும் படிப்பேன், ஒரு வரிகூட மாற்றாமல்.

உன் கைகள் சுகமாக இருக்கட்டும். கப்பல் பட்டறையில் பற்றவைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். மெரிடித்தையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நாளை ஆறு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்திரு.

எப்போதும் உன்,
தூரா


லோலாண்ட்
மார்ச் 9, ஞாயிறு மாலை

எஸ்பென்,

நீ பேசியது உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்; நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தரைக்கே அம்மா உடுத்தித் தயாராக இருந்தாள். தலை வாரி, நீலச் சட்டை. எண்ணை அவளே அழுத்தினாள். முதல் தடவை தப்பாகி யாரோ ஒரு ஆஸ்திரேலியர் எடுத்தார், அவரிடமும் நன்றி சொல்லி வைத்தாள். இரண்டாம் தடவை நீ. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. நன்றி எஸ்பென், நீ பெரிய மனசு பண்ணினே என்று அவள் சொன்னாள். நீ எதுவும் பேசவில்லை. நான் உன்னிடம் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் நீ பேசினாய். "பரவாயில்லைம்மா. நானும் யோசிச்சேன். போட்டா நல்லாத்தான் இருக்கும்மா. கோடையில வந்து பாக்கறேம்மா" என்றாய். நான் கேட்டதைவிட அதிகம் அது. நீ அதைச் சொன்ன குரலுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

போனை வைத்ததும் அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, "ஒரு மூச்சுல எத்தனை அம்மா போட்டான் பாத்தியா?" என்றாள். "அவன் பொய் சொல்லும்போது ரொம்ப மரியாதையா இருப்பான். ஏழு வயசுல ஜன்னல் கண்ணாடியை உடைச்சப்பவும் இப்படித்தான். நல்லாத்தான் இருக்குமாம்! எஸ்பென் பேசுற பேச்சா அது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ சொன்னது பொய்னு வியாழக்கிழமையே தெரியும். கோட்டோட நின்னு பேசினே. நிஜமான சேதின்னா நீ உக்காந்து, கண்ணாடியை மாட்டி, முழுசா வாசிப்பே" என்றாள்.

அப்படியானால் ஏன் போன் செய்தாய் என்று கேட்டேன்.

"அவன் என்ன பண்றான்னு பாக்கத்தான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அவள் இரண்டையும் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல் இருந்தாள். "அந்த மேசையில எனக்காக யாரும் ஒண்ணும் பண்ணலேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நானும் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. தட்டுதான் கழுவினேன். இன்னைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து எனக்காகப் பொய் சொல்லியிருக்கீங்க. போதும்டி. அந்த வார்த்தை வேணாம். பேரும் வருஷமும் மட்டும் போடச் சொல்லு. அவன் வந்து நிக்கட்டும்" என்றாள். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

அவள் முன்னாலேயே பிரேபெனுக்குப் போன் செய்தேன். "அப்போ கீழ வெறுமையாக் கெடக்குமேம்மா" என்றார். "நம்மகிட்ட சின்ன வெண்கலப் புறா ஒண்ணு இருக்கு. பழக்கத்துக்கு இனாமாவே பதிச்சுத் தர்றேன், பாக்கறவங்க கண்ணுக்கு நிறைவா இருக்கும்." போனைக் கையால் மூடிக்கொண்டு புறாவைப் பற்றிச் சொன்னேன்; அம்மா தலையை ஆட்டினாள். "புறா வேணாம். வயல்ல வந்த அத்தனை புறாவையும் அந்த ஆளு சுட்டுத் தள்ளினாரு" என்றாள். அதை நான் பிரேபெனிடம் சொல்லவில்லை. வேண்டாம், நன்றி என்று மட்டும் சொன்னேன். நாளை காலை எட்டு மணிக்கு வெட்டத் தொடங்குகிறார்.

மதியம் அம்மா அரைத் துண்டு ரை ரொட்டி சாப்பிட்டாள். இரண்டு மணிக்குத் தூங்கினாள். நான்கு மணிக்கு நர்ஸ் வந்து ஆக்ஸிஜனை ஒரு அளவு கூட்டிவைத்தார். ஐந்து மணிக்குக் கண் விழித்து, பெர்த்தில் இப்போது மணி என்ன என்று கேட்டாள். நள்ளிரவு என்றேன். சரி, தூங்கட்டும் என்றாள். கோடைக்குப் பயணச்சீட்டு வாங்காதே; இந்த வாரத்துக்கு வாங்கு. அலுவலகத்துக்கு நான் இன்னும் இரண்டு வாரம் விடுப்பு எழுதி அனுப்பிவிட்டேன்.

தூரா